செயினை இறுக்கும் முன் பின் சில்லைப் பாருங்கள்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் என்ன சத்தம் போட்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: "பாஸ், செயினைக் கொஞ்சம் இறுக்கி விடுங்கோ." பாஸும் பக்கத்துக்கு அரைச் சுற்று இறுக்கி அனுப்பிவிடுவார். சத்தம் அடங்கும். கொஞ்ச நாளில் அதே சத்தமோ, அதைவிட மோசமான ஒன்றோ திரும்பி வரும்.

இறுக்குவது சில நேரம் சரியான வேலைதான். ஆனால் செயின் ஏன் தளர்ந்தது, ஏன் சத்தம் போடுகிறது என்று பார்க்காமல் இறுக்கினால் சில்லின் கோணல் அப்படியே இருக்கும், கறள் பிடித்த கண்ணி அப்படியே இருக்கும், கியர்பொக்ஸ் பெயரிங்கும் சேர்ந்து தேயத் தொடங்கும். இந்த ஊரில் கச்சான் அடிக்கும் மாதங்களில் புழுதி, மாரியில் சேறு, வருடம் முழுக்க உப்புக் காற்று. போதாக்குறைக்கு 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025வரை திறக்கப்படாததால் பலர் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட பைக்கில், பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் சில்லை நேராக்க அடித்திருக்கும் கோடுகளை நம்பி வேலை செய்ய முடியாது.

கீழே உள்ளதை உங்கள் பைக் செய்யும் முறைப்பாட்டின்படி படியுங்கள். ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது.

எதையும் கழற்றும் முன்: அளவெடுப்பது

பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களை இன்னும் பார்க்கிறோம். துணியை இழுக்கும் செயின் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். சில்லைக் கையால் சுற்றி வேலை செய்யுங்கள்.

கீழ்ப்பக்கச் செயினின் நடுப்பகுதியில், முன் பின் இரண்டு பல்சில்லுகளுக்கும் (ஸ்பிரொக்கெற்) சரி நடுவே, அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். விரலால் செயினைக் கீழே அமத்தி ஓர் அளவு, மேலே தூக்கி ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தளர்வு. 100 முதல் 150 சிசி வரையான பைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை கேட்பார்கள். உங்கள் பைக்குக்கு உரிய எண் கைநூலிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். அதுதான் முடிவான எண். அதை ஸ்டாண்டில் ஏற்றி எடுப்பதா, நிலத்தில் நிறுத்தி எடுப்பதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

ஓரிடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். சில்லைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளவுங்கள், மறுபடி திருப்புங்கள். செயின் ஒரு முழுச் சுற்று வர பின் சில்லு இரண்டு மூன்று தடவை சுற்ற வேண்டியிருக்கும். தொடங்கிய கண்ணியில் சோக்கால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது. ஓரிடத்தில் 30 மி.மீ. ஆடும் செயின் இன்னோரிடத்தில் 18 மி.மீ. தான் ஆடும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிறிய எண். இறுக்கம் எங்கே கூடவோ அங்கே வைத்துத்தான் செயினைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்துச் சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும் ஒவ்வொரு தடவையும் பெயரிங் அடி வாங்கும்.

இரண்டு எண்களுக்கும் 10 மி.மீக்கு மேல் வித்தியாசம் என்றால் இறுக்குகிற பேச்சையே விடுங்கள். கறளை எடுத்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் செயினும் இரண்டு பல்சில்லுகளும் சேர்ந்த செயின் செற்றை மாற்றுங்கள்.

செயின் நீண்டுவிட்டதா என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 420, 428 என்று இலக்கமிட்ட செயின்களில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே 12.7 மி.மீ. ஆகவே 20 கண்ணிக்கு 254 மி.மீ. வர வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களின் தூரத்தை, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை, அளவுங்கள். 259 மி.மீ. வந்தால் 2 சதவீதம் நீண்டுவிட்டது. அதற்கு மேல் அந்தச் செயினில் காசையும் நேரத்தையும் போடுவது வீண்.

"மேடு பள்ளத்தில விழும்போது டப் டப் எண்டு அடிக்குது"

இது உண்மையிலேயே தளர்ந்த செயினின் சத்தம். செயின் ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ அடிபடுகிறது. கவரைத் தட்டிப் பாருங்கள். கவரின் போல்ட் கழன்றிருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதற்குச் செயினில் கை வைக்கத் தேவையில்லை. மேலே சொன்னபடி அளந்து தளர்வு கூடுதல் என்று உறுதியானால் மட்டும் இறுக்குங்கள். பின் அச்சைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கும் அஜஸ்டர் ஏற்கனவே கடைசி எல்லைக்கு வந்துவிட்டதென்றால் செயினின் காலம் முடிந்தது. ஒரு கண்ணியை வெட்டி எடுத்துச் சமாளிக்கலாம் என்று சொல்வோர் உண்டு. நீண்ட செயின் வெட்டினாலும் நீண்ட செயின்தான், புதிய பல்சில்லையும் சேர்த்துத் தின்னும்.

"இறுக்கின பிறகு ஊங் எண்டு கூவுது"

இறுக்கம் கூடிவிட்டது. இதை விளங்கிக்கொள்ள ஓர் ஆளைப் பின்சீற்றில் ஏற்றிப் பாருங்கள். பாரம் ஏறும்போது ஸ்விங் ஆர்ம் மேலே எழும்புகிறது. முன் பல்சில்லின் நடு, ஸ்விங் ஆர்மின் சுழல் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நேரத்தில்தான் முன் பின் பல்சில்லுகளுக்கு இடையே தூரம் மிகக் கூடுதலாக இருக்கும், செயினும் ஆக இறுகும். வெறும் பைக்கில் "சரியாக" இருந்த செயின், பின்னால் மனுசியும் பிள்ளையும் ஏறியதும் வீணைத் தந்தியாகிவிடும்.

நீங்கள் தினமும் பாரத்தோடு ஓடுபவர் என்றால், ஆள் ஏறியிருக்கும்போது செயினில் கொஞ்சமேனும் ஆட்டம் மிஞ்சுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மீன் பெட்டி கட்டி விடியற்காலையில் ஓடும் பைக்குகளில் முன் பல்சில்லுக்குப் பின்னாலிருந்து ஓயில் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கியதும் ஓயில் சீல் தாங்காது. செயின் கொஞ்சம் தளர்ந்திருந்தால் சத்தம்தான் போடும். இறுகியிருந்தால் எஞ்சினைத் திறக்க வைக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் நான் தளர்வின் பக்கம்தான்.

"கையை லேசா விட்டா ஒரு பக்கமா இழுக்குது"

இங்கேதான் பின் சில்லின் நேர்மை வருகிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பின் அச்சின் இரு முனையிலும் ஓர் அஜஸ்டர் இருக்கிறது. இடது அஜஸ்டர் வலதைவிட 2 மி.மீ. கூடுதலாகப் பின்னுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். 2 மி.மீ. என்ன பெரிய விசயம் என்று தோன்றும். இரண்டு அஜஸ்டருக்கும் இடையே சுமார் 200 மி.மீ., முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே சுமார் 1,250 மி.மீ. கணக்குப் போட்டால், பின் சில்லு நோக்கும் கோடு முன் சில்லுக்குப் போய்ச் சேரும்போது 12.5 மி.மீ. விலகியிருக்கும். பைக் நண்டு மாதிரி கொஞ்சம் சாய்வாக ஓடுகிறது, நீங்கள் தெரியாமலே ஹாண்டிலைத் திருப்பிப் பிடித்துச் சமப்படுத்துகிறீர்கள். செயினும் பல்சில்லில் நேராக ஏறாமல் பக்கவாட்டில் உரசி ஏறுகிறது.

மழை விட்ட பிறகு ஈர மணல் ஒழுங்கையில் நேராக மெதுவாக உருட்டி, இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். பின் ரயரின் தடம் முன் ரயரின் தடத்துக்கு மேலேயே விழ வேண்டும். தொடர்ந்து ஒரே பக்கம் விலகி விழுந்தால் சில்லு கோணல், இல்லாவிட்டால் சேசிஸில் வளைவு. இதற்காக உப்புவெளிக் கடற்கரையில் அலை நனைத்த மணலுக்கு இறங்காதீர்கள். தடம் அங்கே அழகாகத் தெரியும், ஆனால் அந்த உப்புத் தண்ணி செயினுக்கு என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கோடு அடித்ததிலேயே பிழை இருக்கும், இல்லாவிட்டால் பைக் எப்போதோ விழுந்திருக்கும். கோடுகளைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு அதன்பிறகு அளந்து பாருங்கள்.

முதல் அளவு, ஸ்விங் ஆர்மின் சுழல் போல்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை. இதற்கு மீற்றர் நாடா வசதியில்லை, வளைந்து வளைந்து பொய் சொல்லும். நேரான வெல்டிங் கம்பி ஒன்றின் முனையை வளைத்துக் கூராக்கி, கம்பியில் இறுக்கமான சின்ன ரப்பர் வளையம் ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். கூர் முனையைச் சுழல் போல்டின் நடுவில் வைத்து, வளையத்தை அச்சின் நடுவரை நகர்த்துங்கள். கம்பியை அப்படியே மறுபக்கம் கொண்டுபோய் வைத்தால் எண் எதுவும் தேவையில்லை, வளையம் அச்சின் நடுவில் விழுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். வலப் பக்கம் சைலன்சர் குறுக்கே நிற்கும். கம்பியை அதற்கு ஏற்றபடி வளைக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் அதே வளைவோடுதான் அளக்க வேண்டும்.

இரண்டாவது, தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்). மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும் தடித்த தங்கூசியே போதும், நூலைப் போலத் தொய்யாது. இந்த அளவுக்கு நடு ஸ்டாண்ட் உதவாது, அதன் கால்கள் குறுக்கே வரும். ஒருவரைப் பைக்கை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு சில்லும் நிலத்தில் நிற்கட்டும். தங்கூசியின் நடுவைப் பின் ரயரின் பின்பக்கம் சுற்றி, இரண்டு முனைகளையும் இரு பக்கத்தாலும் முன்னுக்குக் கொண்டுபோய், முன் ரயருக்கு அப்பால் இரண்டு சீமெந்துக் கல்லில் இறுக்கிக் கட்டுங்கள். உயரம் நிலத்திலிருந்து ஒரு சாணுக்குள், எதிலும் முட்டாமல் இருக்க வேண்டும். கல்லை உள்ளும் வெளியுமாக நகர்த்தி, தங்கூசி பின் ரயரின் முன் விளிம்பை மட்டுமட்டாகத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். கல் ஒரு விரல்கடை கூடுதலாக உள்ளே வந்தால் தங்கூசி ரயரில் மடங்கி நிற்கும், எடுக்கும் அளவெல்லாம் பிழைக்கும். ரோர்ச்சை அடித்துப் பார்த்தால் தங்கூசிக்கும் ரப்பருக்கும் நடுவே வெளிச்சம் இப்போதுதான் மறைந்தது என்று தெரிய வேண்டும், அதுதான் சரியான இடம்.

முன் ரயர் ஒடுக்கம், ஆகவே அங்கே இரண்டு பக்கமும் இடைவெளி விழும். முன் சில்லை நேராக வைத்து அந்த இடைவெளிகளை அளவுங்கள். இரண்டும் சமம் என்றால் நேர். இடப்பக்க இடைவெளி கூட என்றால் பின் சில்லு இடப்பக்கம் நோக்கி நிற்கிறது, வலது அஜஸ்டரை இறுக்க வேண்டும். வலப்பக்கம் கூட என்றால் இடது அஜஸ்டர். ஒரே வசனத்தில்: இடைவெளி கூடின பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்து அஜஸ்டரை இறுக்குங்கள். இறுக்க இடமில்லாதபடி செயின் ஏற்கனவே அளவாக இருந்தால் கூடின பக்கத்து அஜஸ்டரைத் தளர்த்தி, சில்லை முன்னுக்குத் தள்ளுங்கள்.

திருப்பும்போது நட்டின் ஒரு பட்டையை அளவாக வையுங்கள். ஆறு பட்டை ஒரு முழுச் சுற்று. அஜஸ்டர் 8 மி.மீ. போல்ட் என்றால் அதன் புரி வழக்கமாக 1.25 மி.மீ., ஆக ஒரு பட்டைக்கு அச்சு 0.2 மி.மீ. அளவுதான் நகரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் "கொஞ்சம் இறுக்கு, இன்னும் கொஞ்சம்" என்று குத்துமதிப்பாகத் திருப்பத் தேவையில்லை.

கடைசியாக, பின்னால் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின் பல்சில்லின் மேற்பகுதியிலிருந்து செயின் முன்னே போகும் கோட்டைப் பாருங்கள். பல்லை விட்டுப் பிரியும் இடத்தில் செயின் பக்கவாட்டில் மடிந்தால் தங்கூசி என்ன சொன்னாலும் அது நேரில்லை. கம்பியும் தங்கூசியும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றால் அஜஸ்டரால் தீர்க்க முடியாது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

"ஒட்டுப் போட்ட பிறகுதான் இப்பிடி"

பின் சில்லைக் கழற்றி ஒட்டுப் போட்டுப் பூட்டிய பிறகு வரும் கோணலுக்கு, ஹப்பின் இரு பக்கமும் உள்ள கொலர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அச்சில் கோத்திருக்கும் அந்தச் சின்னக் குழாய்த் துண்டுகள் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லை. அவசரத்தில் இடம் வலமாக மாறிப் பூட்டப்பட்டால் சில்லு முழுதாக ஒரு பக்கம் ஒதுங்கும். கம்பி வைத்தால் சில்லு நேராகத்தான் நோக்கும், ஆனால் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பதால் தங்கூசியின் இடைவெளிகள் சமமாக இரா. பல்சில்லின் பற்களில் உள்பக்கம் மட்டும், அல்லது வெளிப்பக்கம் மட்டும், பளபளவென்று தேய்ந்திருப்பது இதற்கு நல்ல சாட்சி. அடுத்த முறை சில்லைக் கழற்றும்போது போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ரயர் கடைத் தம்பி கோபிக்க மாட்டார்.

அதே நேரத்தில் ஹப்புக்குள் இருக்கும் டம்பர் ரப்பர்களையும் பாருங்கள். பின் பல்சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா? ரப்பர் செத்துவிட்டது. கியர் மாற்றும்போது வரும் அந்த உதறலைச் செயினின் தலையில் போடாதீர்கள்.

"அஜஸ்டர் சுத்துது, அச்சு அசையேல்லை"

உப்பூறிய ஊருக்கே உரிய வியாதி. நிலாவெளி, சல்லிப் பக்கம் கடலை ஒட்டி நிற்கும் பைக்குகளில் அச்சு, அஜஸ்டர், கொலர் மூன்றும் கறளால் ஒன்றாகிக் கிடக்கும். முதலில் அச்சின் பெரிய நட்டு தளர்த்தப்பட்டிருக்கிறதா, பிறேக் தட்டைப் பிடிக்கும் நீளக் கம்பியின் நட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி இந்த இரண்டாவது நட்டுத்தான். இரண்டும் தளர்ந்தும் அசையவில்லை என்றால் கறள் இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். அச்சைத் தட்ட வேண்டி வந்தால் நட்டைப் புரியின் முனைவரை ஏற்றி, மரக்கட்டை ஒன்றை வைத்து அதன் மேல் தட்டுங்கள். வெறும் சுத்தியலால் அச்சின் நுனியில் அடித்தால் புரி செத்துவிடும், பிறகு அச்சே புதிதாக வாங்க வேண்டும்.

கழன்று வந்ததும் அச்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மெல்லிய கிறீஸ் பூச்சோடு மீண்டும் கோத்துவிடுங்கள். அஜஸ்டரின் புரிக்கும் அப்படியே. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யும் கராஜ் எது என்று தெரிந்தால் அங்கேயே தொடர்ந்து போங்கள்.

"சில்லு சுத்தேக்க இடைக்கிடை டக் எண்டு ஒரு சத்தம்"

சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, பின் பல்சில்லின் அடிப்பக்கம் செயின் ஏறும் இடத்தையே பாருங்கள். ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைத்து, சின்னக் கூன் போட்டு வரும். அதுதான் டக். மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்த்து, அந்தக் கண்ணியை விரலால் இடமும் வலமும் அசைத்து இளக்குங்கள். பெற்றோல் வேண்டாம், தீ ஆபத்து ஒருபுறம், ஓ ரிங் வைத்த செயினாக இருந்தால் ரப்பரையும் கெடுக்கும்.

காய்ந்ததும் 90 கியர் ஓயிலை, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், தகடுகள் சேரும் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சில்லைச் சுற்றுங்கள். பிறகு வெளிப்பக்கத்தைத் துணியால் வழித்துத் துடைத்துவிடுங்கள். துடைப்பதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். வெளியே ஒட்டி நிற்கும் ஓயிலுக்குச் செயினில் வேலையே இல்லை, அது மணலைத்தான் பிடிக்கும். இந்த ஊர் மணலும் ஓயிலும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான். எஞ்சினிலிருந்து கழித்த கறுப்பு ஓயிலைச் செயினுக்கு ஊற்றும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை, அதில் ஏற்கனவே இரும்புத் தூள் இருக்கிறது. கடற்கரையில் ஓடி வந்தால் அன்றே நல்ல தண்ணியில் கழுவி, காயவிட்டு, ஓயில் விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தால் மறுநாள் செயின் செம்மஞ்சளாக நிற்கும்.

கண்ணி விறைக்கவில்லை, ஆனாலும் டக் வருகிறதென்றால் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லொக்கைப் பாருங்கள். அதன் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். மேல்ச் செயினில் நிற்கும்போது மூடிய பக்கம் முன்னே, திறந்த வாய் பின்னே. மாறிப் போட்ட கிளிப் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்று, கந்தளாய் றோட்டில் காட்டு நடுவே உங்களை நிறுத்தும்.

"செயின் சரி, இப்ப பின் பிறேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது"

ட்றம் பிறேக் பைக்குகளில் இது எதிர்பார்க்க வேண்டியதே. சில்லு பின்னே நகரும்போது பிறேக் தட்டும் கூடவே நகர்கிறது. பெடலிலிருந்து வரும் பிறேக் கம்பியின் நீளம் மாறுவதில்லை, ஆகவே பிறேக் தானாகவே கொஞ்சம் பிடித்துவிடுகிறது. அந்தக் கம்பியின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, பெடலில் வழக்கமான ஆட்டம் வரும்வரை சரிசெய்யுங்கள். சில்லைச் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். பின் பிறேக் லைற்றும் நேரத்துக்கு எரிந்து அணைகிறதா என்று ஒரு பார்வை.

"எல்லாம் நேர், ஆனாலும் வால் ஆடுது"

முதலில் ரயரின் காற்று. பிறகு பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின் ரயரின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். டொக் டொக் என்றால் சில்லு பெயரிங். சில்லை விட்டு ஸ்விங் ஆர்மின் பின் முனையைப் பிடித்து இட வலமாகத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் அதன் சுழல் போல்டில் உள்ள புஷ் போய்விட்டது. அப்படிப்பட்ட பைக்கில் சில்லை எவ்வளவு நேராக வைத்தாலும் பாரம் ஏறியதும் கோணலாகும், ஆகவே புஷ்ஷை மாற்றிவிட்டுத் தங்கூசியை எடுங்கள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் மட்டும் பைக் தள்ளாடுகிறது என்றால் அது பக்கக் காற்று, கராஜுக்குப் போகத் தேவையில்லை.

பெல்ட் வைத்த பைக்கும் ஸ்கூட்டியும்

செயினுக்குப் பதில் பல் வைத்த பெல்ட்டில் ஓடும் பெரிய பைக்குகள், ஹார்லி டேவிட்சன் போன்றவை, இங்கே அபூர்வம். வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: நேர் பார்க்கும் முறை அதேதான், ஆனால் பெல்ட் கோணலைச் செயின் அளவுக்குப் பொறுக்காது. பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் நார் நாராகப் பிரிந்தால் சில்லு கோணல். தளர்வை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா விரலால் அமத்தி அளப்பதில்லை, கைநூல் சொல்லும் விசையால், பெரும்பாலும் 10 இறாத்தல் அளவு, தள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஓயில், கிறீஸ் எதுவும் ஆகாது. சவர்க்காரத் தண்ணி போதும். கழற்றும்போது பெல்ட்டை மடித்தோ முறுக்கியோ வைத்தால் உள்ளிருக்கும் இழைகள் உடையும், வெளியே தெரியாது. பெல்ட்டின் பல்லுக்கும் அது ஓடும் புல்லிக்கும் நடுவே சிக்கும் சரளைக் கல் பெல்ட்டைத் துளைத்துவிடும், ஆகவே கிறவல் றோட்டில் ஓடி வந்தால் குனிந்து பாருங்கள்.

ஸ்கூட்டி ஓடும் தங்கச்சிமார் பெல்ட்டை "இறுக்கித் தரச்சொல்லி" கராஜுக்குக் கொண்டுபோவதுண்டு. ஸ்கூட்டியின் பெல்ட் இடப்பக்க மூடிக்குள் இருக்கிறது, அதை இறுக்குவதற்கு அஜஸ்டரே கிடையாது. தேய்ந்தால் மாற்றுவதுதான். எடுக்கும்போது உதறுவதும், முழுதாக முறுக்கியும் பழைய வேகம் வராததும் அதன் அறிகுறிகள். பின் சில்லும் கியர்பொக்ஸ் தண்டிலேயே நேரடியாகப் பூட்டியிருப்பதால் நேர்படுத்த ஒன்றுமில்லை. ஸ்கூட்டியின் வால் ஆடினால் எஞ்சினைத் தாங்கும் புஷ்ஷையும் றிம்மின் வளைவையும் பாருங்கள். பெல்ட்டை இறுக்கினேன் என்று யாராவது காசு கேட்டால், எந்த நட்டை இறுக்கினார் என்று கேளுங்கள்.

பூட்டிய பிறகு

அச்சின் நட்டை இறுக்கும்போது சில்லு மறுபடி கோணலாகிவிடும், பலருக்கும் வேலை கெடுவது இந்தக் கட்டத்தில்தான். மடித்த துணி ஒன்றைக் கீழ்ச் செயின் பின் பல்சில்லில் ஏறும் இடத்தில் வைத்து, சில்லைக் கையால் முன்னோக்கிக் கொஞ்சம் உருட்டினால் துணி இடையில் மாட்டி, செயின் அச்சை முன்னே இழுத்து அஜஸ்டரோடு அழுத்திப் பிடிக்கும். விரல் விலகியிருக்கட்டும். அந்த நிலையில் நட்டை இறுக்கி, துணியை எடுத்து, அஜஸ்டரின் லொக் நட், பிறேக் தட்டின் கம்பி நட்டு, நட்டு கழலாமல் குறுக்கே குத்தும் புதிய கொட்டர் பின் என்று வரிசையாக முடியுங்கள். பழைய கொட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்ட வேண்டாம்.

பிறகு தளர்வை மீண்டும் அளவுங்கள். நட்டு இறுகியதும் ஓரிரு மி.மீ. மாறுவது வழக்கம். அலஸ்தோட்டம் தாண்டி நிலாவெளிப் பக்கம் ஒரு நேர் ஓட்டம் ஓடித் திரும்பி வந்து, பின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். பிறேக் அதிகம் பிடிக்காமல் ஓடியும் கை வைக்க முடியாமல் சுடுகிறதென்றால் பிறேக் உரசுகிறது. செயின் பழையதென்றால் மறுநாள் காலை ஒரு முறை அளந்தால் போதும். புதிய செயின் முதல் ஓட்டங்களில் சற்று நீளும், ஆகவே 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை அளவுங்கள்.